ஏழாம் நாளுக்குப் பிறகு

ஜொகூர் மாநிலத்தின் தென்பகுதியில், இன்று வீடமைப்புப் பேட்டைகளும் தொழிற்சாலைகளும், 1985 முதல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் விசாலமான வளாகமும் நிறைந்து விளங்கும் ஸ்கூடாய் வட்டாரம், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் காடு திருத்திக் காம்பியரும் மிளகும் பயிரிட்ட சீனக் கூலிகளின் உழைப்பால் உருவெடுத்துக்கொண்டிருந்த நிலம். 1844 முதல், ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம் ஒவ்வோர் ஆற்றங்கரைக்கும் ஓர் உரிமைப் பத்திரம் வழங்கி வந்தார். பத்திரம் பெற்ற தலைவர் கங்சூ எனப்பட்டார். பயிர் செய்யும் உரிமையோடு சாராயம், சூதாட்டம், அடகு, அபினி ஆகிய நான்கின் ஏகபோகமும் அவர் கையில் இருந்தது. ஸ்கூடாயை அடுத்த கங்கார் பூலாய் போன்ற ஊர்கள் அந்தக் குடியிருப்பு முறையின் வழி வந்தவை. மலேரியாவும் புலியும் தனிமையும் சூழ்ந்த வனத்தில், உடல் நோவு மறக்க ஒருவன் மாலையில் சண்டு எனப்பட்ட பக்குவம் செய்த அபினியைக் குழாயில் வைத்துப் புகைத்தால், பகலில் ஈட்டிய கூலி இரவில் அதே முதலாளியின் பெட்டிக்குத் திரும்பிச் சென்றது; கடன் வளர்ந்தது; ஊர் திரும்பும் கனவு ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜொகூரின் கருவூலத்துக்கே அபினி, சாராயக் குத்தகைதான் பிரதான வருவாய். ஆங்கிலேயர் ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களிலோ பல ஆண்டுகளில் மொத்த வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினியிலிருந்தே வந்தது. 1910-ல் அங்கே தனியார் குத்தகையை ஒழித்த அரசாங்கம் அந்த வியாபாரத்தைத் தானே ஏற்று நடத்தியது. தூரகிழக்கு நாடுகளில் அபினி புகைத்தலை முற்றாகத் தடை செய்வதாகப் பிரிட்டன் அறிவித்தது 1943 நவம்பரில், அதாவது அந்நாடுகள் ஜப்பானியர் வசம் போய்விட்ட பிறகு. ஒரு மனிதனின் போதைப் பழக்கத்தை அவனுடைய ஒழுக்கக் கேடு என்று மட்டும் பேசுகிறவர்கள் இந்தச் சரித்திரத்தைச் சற்று நினைக்க வேண்டும். பழக்கம் அவன் தேகத்தில் வேரூன்றுகிறது என்பது மெய். ஆயினும் அதற்கு நீர் பாய்ச்சியவர்கள் எப்போதும் வேறு சிலராக இருந்திருக்கிறார்கள்.

நம்மவர் கதையும் இதற்கு அந்நியமானதன்று. ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில் தமிழ்த் தொழிலாளியின் லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாளன்று அதுவே தோட்டத்தின் மையமாயிற்று. அந்த நிலையை எதிர்த்தவர்களும் அதே தொழிலாளிகள்தாம் என்பது நாம் பெருமையோடு நினைவில் வைக்கவேண்டிய செய்தி. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. யுத்தம் முடிந்த பின் கெடாவின் பீடோங் பகுதியில் ஏ. எம். சாமி அமைத்த தொண்டர் படை, தோட்டந்தோறும் இளைஞர்களைத் திரட்டிக் கள்ளுக்கடை மறியல் செய்தது. ஒருவன் தனியே செய்துகொள்ளும் பிரதிக்ஞை சாயங்காலம் வரை நிற்பதே அரிது, ஊர் முழுவதும் சேர்ந்து தாங்கினால் அது நிலைக்கும் என்பதை எந்த மனோதத்துவ நூலும் படிக்காமலே அவர்கள் உணர்ந்திருந்தார்கள். தோட்டங்களின் அந்தக் காலமும் போயிற்று. ஸ்கூடாயின் ரினி தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. தோட்டத்தின் பெயரைத் தமிழ்ப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது. கள்ளின் இடத்தில் இப்போது கஞ்சாவும் ஹெராயினும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சியாபு எனப்படும் மெத்தம்ஃபெட்டமினும் வந்திருக்கின்றன.

போதையிலிருந்து மீளுவதற்கான முயற்சிகளுள் மலாயாவில் பெரும் பரபரப்பை உண்டாக்கிய ஒன்று, 1906-ஆம் ஆண்டளவில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் பக்கங்களில் பரவிய ஒரு காட்டுக்கொடி வைத்தியம். கொம்பிரீட்டம் என்னும் இனத்தைச் சேர்ந்த அக்கொடியின் இலையை வறுத்துக் காய்ச்சிய கஷாயம் அபினிப் பழக்கத்தை மாற்றிவிடும் என்று செய்தி பரவியதும், ஆயிரக்கணக்கானோர் அதை வாங்கிக் குடிக்கத் திரண்டார்கள். பின்னர் ஆராய்ந்தபோது இலையில் அத்தகைய விசேஷ குணம் எதுவும் நிரூபணமாகவில்லை. அந்த அலையும் ஓய்ந்துபோயிற்று. ஆனால் கஷாயத்தை அருந்தச் சொன்ன முறை மிகவும் கவனிக்கத்தக்கது. இரண்டு புட்டிகளில் கஷாயத்தை நிரப்பி, அவற்றுள் ஒன்றில் மட்டும் நோயாளி வழக்கமாக உபயோகிக்கும் அபினியைக் கலந்து, அதிலிருந்து ஒரு வேளை குடித்தவுடன் குறைந்த அளவை மற்றப் புட்டியிலிருந்து ஊற்றி நிரப்பிவிடுவார்கள். இவ்வாறு நாளுக்கு நாள் அபினியின் பங்கு தேய்ந்து, கடைசியில் வெறும் கஷாயமே மிஞ்சும். இலை பயனற்றதாயினும் முறை பயனற்றதன்று. படிப்படியாகக் குறைப்பதும், நாள் தவறாத ஒழுங்கும், கூட வரும் மனிதர்களும் சேர்ந்துதான் பலரைக் கொஞ்ச காலமாவது காப்பாற்றியிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

புகையாக உள்ளே செல்லும் போதைக்கு ஏன் அத்தனை வலிமை? வாயால் விழுங்கிய பொருள் குடல், ஈரல் ஆகியவற்றைக் கடந்து மூளையை அடைய அரை மணியோ அதற்கு மேலோ ஆகும். புகையாக இழுத்ததோ நுரையீரலின் பரந்த பரப்பின் வழியே இரத்தத்தில் கலந்து, ஏறக்குறையப் பத்து வினாடிகளில் மூளையைத் தொட்டுவிடுகிறது. செயலுக்கும் சுகத்துக்கும் இடையே உள்ள அவகாசம் எவ்வளவு குறுகுகிறதோ, அவ்வளவு ஆழமாக அந்தச் செயலை மூளை மனனம் செய்துகொள்ளும். டோபமின் என்னும் இரசாயனம், உணவுக்கும் அன்புக்கும் சுரக்க வேண்டிய அளவை மீறிச் சுரந்து, இதுவே வாழ்வுக்கு அத்தியாவசியம் என்று மூளைக்குப் பொய்ச் சாட்சி சொல்லிவிடுகிறது. தகடு, தீப்பெட்டி, குழல், சந்துமுனை, நண்பனின் மோட்டார் சைக்கிள் ஓசை, சம்பளத் தேதி ஆகிய யாவும் அந்தச் சாட்சியோடு பிணைக்கப்பட்டுவிடுகின்றன. வாரக்கணக்கில் போதையைத் தொடாமல் இருந்த ஒருவன், பழைய இடத்தைக் கடக்கும்போது வியர்த்து நடுங்குவதற்குக் காரணம் இதுதான். அவன் வைராக்கியம் பொய்யானது என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது.

ஹெராயின் பழகிய உடல், அது கிடைக்காத எட்டு அல்லது பன்னிரண்டு மணி நேரத்தில் தவிக்கத் தொடங்குகிறது. கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், எலும்புக்குள் வலி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை என்று ஏறி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சம் தொட்டு, ஏழாம் நாள் அளவில் பெரும்பாலும் தணிந்துவிடும். அவஸ்தை கொடியது, ஆனால் நீர்ச்சத்து வற்றாமல் பார்த்துக்கொண்டால் திடகாத்திரமானவரின் உயிருக்கு அதனால் அபாயம் நேர்வது அரிது. இதற்கு நேர்மாறாக, நெடுங்காலம் மிதமிஞ்சிக் குடித்தவரோ தூக்க மாத்திரைக்கு அடிமையானவரோ திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தபிரமையும் கண்டு உயிரே போகக்கூடும். அவர்கள் வைத்தியர் துணையின்றி வீட்டிலேயே நிறுத்தத் துணியக்கூடாது.

இந்த ஏழு நாட்களைத்தான் பெரும்பாலான குடும்பங்கள் முழு யுத்தமாக எண்ணிக்கொள்கின்றன. மகனை அறையில் பூட்டி வைத்து, அவன் அலறலைக் கேட்டு அழுது, எட்டாம் நாள் அவன் குளித்துச் சாப்பிட்டதும் கண்டம் நீங்கியது என்று கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, அவனைப் பழைய அறைக்கும் பழைய வேலைக்கும் பழைய சிநேகிதர்களுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் சிகிச்சை ஆரம்பிக்கவேண்டிய நாள் அந்த எட்டாம் நாள்.

வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களுள் பலர் அங்கே ஹெராயினுக்கு அடிமைப்பட்டிருந்தனர் என்று 1971-ல் தெரியவந்தபோது அந்நாடு நடுங்கியது. லீ ராபின்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் அவர்களுள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே இருந்தார்கள். வனமும் யுத்தமும் மலிவான ஹெராயினும் ஒரு கரையில் நின்றுவிட, மனைவியும் தொழிலும் வீதியும் வேறாகிவிட்ட மறுகரையில், பழக்கத்தைத் தூண்டும் அடையாளங்கள் அவர்களுக்கு எதிர்ப்படவில்லை. நம்மிடையே இதற்கு இன்னும் நெருங்கிய திருஷ்டாந்தம் இருக்கிறது. தைப்பூசத்துக்கோ ஐயப்பன் மலைக்கோ மாலை அணிந்து நாற்பத்தெட்டு நாள் விரதம் காப்பவர், நேற்றுவரை நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடித்தவராயினும், அத்தனை நாளும் தொடாமலிருக்கிறார். அதிகாலைக் குளியல், தனி உடை, தனி உணவு, தரைப்படுக்கை, சாமி என்று மரியாதையாக அழைக்கும் உறவினர், அதே விரதம் பூண்ட தோழர்கள் என்று அவருடைய உலகமே மாறிவிடுகிறது. மாலையைக் கழற்றியவுடன் அந்த உலகம் கலைந்து பழைய உணவுக்கடை மேசை திரும்பி வந்துவிடுகிறது, சிகரெட்டும் வந்துவிடுகிறது. விரதம் தோற்றது என்று நான் சொல்லமாட்டேன்; நாற்பத்தெட்டு நாள் காத்த ஏற்பாடுகளை நாற்பத்தொன்பதாம் நாளுக்கு மேலும் யாரும் தொடரவில்லை என்பதே அதிலிருந்து நான் கற்கும் பாடம்.

மலேசிய அரசாங்கம் இந்த விஷயத்தில் நடந்துவந்த பாதையும் நீண்டது. 1983 பிப்ரவரி 19-ஆம் தேதி போதைப்பொருள் தேசப் பாதுகாப்புக்கே ஆபத்து என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் போதை அடிமைகளின் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம் வந்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் அகப்பட்டவரை மாஜிஸ்திரேட்டின் உத்தரவின் பேரில் இரண்டாண்டு மறுவாழ்வு மையத்தில் வைக்க அது வழிசெய்தது. கட்டுப்பாடும் தேகப்பயிற்சியும் தொழிற்கல்வியும் அம்மையங்களில் உண்டு. ஆனால் வெளியே வந்தவர்களுள் மிகப் பலர் மீண்டும் விழுந்தார்கள். ஊசி வழியே எச்ஐவி பரவிய துயரமும் சேர்ந்துகொள்ளவே, 2005 அக்டோபரில் மெத்தடோன் சிகிச்சை ஆரம்பிக்கப்பட்டது. 2010 முதல் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏஏடிகே, தாமாக வருவோருக்குக் கதவு திறந்த சிகிச்சை நிலையங்களை நடத்தத் தொடங்கிற்று.

இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் லான்செட் குழுமத்தின் மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. கட்டாய மையத்திலிருந்து விடுதலையானவர்களுள் பாதிப் பேர் 31 நாட்களில் மீண்டும் ஹெராயின் வகைப் போதைக்குத் திரும்பிவிட்டனர். தாமாக வந்து மெத்தடோன் பெற்றவர்களுள் பாதிப் பேர் அந்நிலையை அடைய 352 நாட்கள் ஆயின. தாமாக வந்தவர்களுக்கு மன உறுதி முன்னரே இருந்திருக்கலாம் என்று ஆட்சேபிப்பது நியாயந்தான். ஆயினும் இருசாராரின் வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பிறகும் இடைவெளி பெரிதாகவே நின்றது. என் அபிப்பிராயம் தெளிவு: சிகிச்சையில்லாத பூட்டு, நோயைக் குணமாக்காமல் ஒத்திவைக்கிறது.

மெத்தடோன் என்பது ஜெர்மனியில் வலி நீக்கியாகக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து. 1960-களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் மருத்துவத் தம்பதியர் அதை ஹெராயின் அடிமைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹெராயின் சில மணி நேரத்தில் ஏறி இறங்குவது. இதுவோ ஒரு நாள் முழுவதும் ஒரே சீராக நிற்பது. ஆகவே தினமும் ஒரு முறை, மருந்தாளர் கண்ணெதிரே, பாகு போன்ற திரவமாக விழுங்கினால் உடலின் தவிப்பு அடங்குகிறது. மயக்கமும் இல்லாமல், வேட்கையும் இல்லாமல் ஒருவர் வேலைக்குச் சென்று திரும்ப முடிகிறது. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். காலையில் மருந்து குடித்துவிட்டு ஒன்பது மணிக்கு வேலையில் நிற்பவனையும், அதே காலையில் திருடக் கிளம்புகிறவனையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அளவைக் கூட்டுவதும், மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் குறைப்பதும் வைத்தியரின் பொறுப்பு. சற்றுத் தேறியதும் தானாக நிறுத்துவதுதான் பெரும்பாலான வீழ்ச்சிகளுக்குத் தொடக்கம்.

சியாபுக்கு அத்தகைய மாற்று மருந்து இல்லை. அண்மை ஆண்டுகளில் இந்நாட்டில் பிடிபடுவோரிலும் சிகிச்சைக்கு வருவோரிலும் மெத்தம்ஃபெட்டமின் வகையைப் பயன்படுத்துவோரே பெரும்பான்மை என்பதால் இது கவலைக்குரிய விஷயம். இரவு வேலைக்கு விழித்திருக்கவும் களைப்பு மறக்கவும் ஆரம்பிப்பவர்கள் உண்டு. அதை நிறுத்தியவர் முதல் வாரம் கும்பகர்ணனாகத் தூங்குவார், கண்டதையெல்லாம் தின்பார். பிறகு வாரக்கணக்கில் எதிலும் ருசியற்ற ஒரு மனச்சோர்வு கவிகிறது. அச்சமயத்தில் தற்கொலை எண்ணம் தலைகாட்டக்கூடும். ஆகவே அவரைச் சோம்பேறி என்று ஏசாமல், தனியே விடாமல் இருப்பதே மருந்து. யாரோ பின்தொடர்கிறார்கள், சுவரில் குரல் கேட்கிறது என்று பேசத் தொடங்கினால் தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்; ஸ்கூடாய்க்கு அண்மையில், தம்போயில், 1937-ல் நிறுவப்பட்ட பெர்மாய் மனநல மருத்துவமனை இருக்கிறது. கிரமமான ஆலோசனையும், சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு வெகுமதி கொடுத்து ஊக்குவிக்கும் முறையும் இந்தப் போதைக்கு நல்ல பலன் தருவதாக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. வெகுமதி என்றதும் நகைக்க வேண்டாம். சுகத்தை மறந்துபோன மூளைக்கு நேர்மையான சுகத்தை மீண்டும் அறிமுகப்படுத்தும் காரியம் அது.

கஞ்சாவை விடுபவருக்கு எரிச்சலும் உறக்கமின்மையும் இரண்டு வாரம் போல் இருக்கும். புகையிலையோடு கலந்து பிடித்தவர் இரண்டையும் சேர்த்தே விடுவது நலம். சிகரெட்டுக்கோ நிகோட்டின் ஒட்டுப்பட்டை, மெல்லும் பசை, மாத்திரை எல்லாம் உள்ளன.

அன்றாட வாழ்வில் செய்யக்கூடியவை எளியவை. எளியவை என்பதாலேயே அலட்சியம் செய்யப்படுபவை. வேட்கை என்பது எழுந்து, உச்சம் தொட்டு, பெரும்பாலும் அரை மணிக்குள் தானாகவே தணிவது. அந்த அரை மணிக்கு ஒரு வேலையும் ஒரு மனிதரும் தேவை. சம்பளம் தாயின் அல்லது மனைவியின் கையில் சேரட்டும். கைப்பேசி எண் மாறட்டும். வேலையிலிருந்து வீடு திரும்பும் பாதையும் மாறட்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் ஒருங்கே சேரும் மாலை வேளைக்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு இருக்கட்டும். மீண்டவர்களின் கூட்டங்களில் வாரந்தோறும் உட்கார்வது பெரிய பலம். 1991-ல் தொடங்கிய பெங்காசே சங்கம் மீண்டவர்களைக் கொண்டே பிறரை மீட்கும் பணியை இந்நாட்டில் செய்துவருகிறது. சென்னையில், குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் நிறுவிய டி. டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையம், நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும்போதே அவர் குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் போதிக்கிறது. நோய் ஒருவருக்கானாலும் காயம் வீடு முழுவதற்கும் என்பதை அந்த அம்மையார் தம் சொந்தத் துக்கத்திலிருந்து அறிந்திருந்தார்.

மிக முக்கியமான ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். சில வாரங்கள் நிறுத்தியிருந்த உடல், பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளிவந்தவன், முன்பு எடுத்த அதே அளவு ஹெராயினை எடுத்தால் சுவாசம் நின்று இறந்துபோகலாம். எனவே விடுதலையான முதல் வாரங்களில் அவனை யாரேனும் எப்போதும் கண்ணில் வைத்திருக்க வேண்டும்.

ஒருமுறை மீண்டும் விழுந்தால் எல்லாம் போயிற்று என்று தலையிலடித்துக்கொள்வதும் தவறு. சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பேர் வரை எப்போதாவது மீண்டும் தொடுகிறார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. இரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்த்மாவுக்கும் வைத்தியம் செய்துகொள்வோர் நிலையும் ஏறக்குறைய அதுவே. மருந்து தவறியதால் மூச்சிரைப்பு வந்த தந்தையை நாம் ஏசுவதில்லை; வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறோம். மகனுக்கும் அதையே செய்வோம். அதற்காக அவன் கடனை மறைத்து அடைப்பதும், அவன் விடுப்புக்குப் பொய்க் காரணம் எழுதிக் கொடுப்பதும் அன்பாகா. அவை நோய்க்கு இடும் உணவு. பணம் தரமாட்டேன், சோறு தருவேன், சிகிச்சைக்கு எந்நேரமும் உடன் வருவேன் என்று தாய் ஒரே குரலில், திரும்பத் திரும்ப, கோபமின்றிச் சொல்லவேண்டும். தந்தையும் அண்ணனும் அதே சொல்லையே சொல்லவேண்டும்.

போலீஸுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் மிகுதி. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம் பிரிவு, போதைக்கு அடிமையானவர் தாமாகவே மறுவாழ்வு அதிகாரியிடம் விண்ணப்பித்துச் சிகிச்சை பெற வழிசெய்கிறது; பிடிபட்ட பிறகு போவதற்கும் முன்னதாகவே போவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. வீட்டில் இத்தகைய ஒருவர் இருந்தால், அவர் மனம் இளகிப் பேசும் ஒரு வேளைக்காகக் காத்திருங்கள். அந்த வேளை வந்ததும் மறுநாளைக்கு ஒத்திவைக்காமல், அவருடைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கோ ஏஏடிகே அலுவலகத்துக்கோ நீங்களும் கூடவே செல்லுங்கள். ஒருமுறை அழைத்துச் சென்றதோடு நின்றுவிடாமல், அடுத்த வாரமும், அதற்கடுத்த மாதமும் அவருடன் அங்கே போய் உட்காருங்கள்.